பழைய ஸ்டைல் பிஸ்டல் அடிக்கடி ஜாம் ஆவுதா? அரத்தெ கீழ வச்சிட்டு இதெ படிங்க

எங்க மாமா வீட்டுல ஒரு பழைய பாயிண்ட் 32 (குழல் அளவு .32 இஞ்சு) பிஸ்டல் கெடக்கு. அம்பாசமுத்திரம் பக்கம் வயலும் வாழையுமா இருக்குற குடும்பம், தாத்தா வச்சிருந்தது, அவரு காலமான பொறவு முறைப்படி எழுதிக்குடுத்து மாமா பேர்ல லைசென்ஸ் வாங்குனது. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போனா மூணு ரவுண்டு (தோட்டா) சுட்டா ஒண்ணு சிக்கிக்கிட்டு நிக்குது. மாமாவுக்கு தெரிஞ்ச ஒருத்தர் "அண்ணாச்சி, நம்ம லேத் பட்டறையில ஒருக்கா குடுங்க, உள்ள ரெண்டு தேய் தேச்சா வழுவழுன்னு ஓடும்"ன்னு சொல்லிட்டாரு, இவரும் துணில சுத்திக்கிட்டு கெளம்பிட்டாரு. நான்தான் வண்டி சாவிய புடுங்கி வச்சிக்கிட்டு "மாமா, இன்னைக்கு சாயங்காலம் மட்டும் எனக்கு குடுங்க"ன்னேன். கடைசில பாத்தா கோளாறு துப்பாக்கில இல்லவே இல்ல, இருந்த ரெண்டு மேகசின்ல (தோட்டா அடுக்கி கைப்பிடிக்குள்ள சொருகுற பெட்டி) ஒண்ணுலதான். அன்னைக்கு மட்டும் பட்டறைக்கு போயிருந்தா நல்ல துப்பாக்கிய தேச்சு கெடுத்துட்டு, கெட்ட மேகசின அப்படியே வீட்டுக்கு கொண்டாந்திருப்போம்.

அதனாலதான் இதெ எழுதுதேன். லைசென்ஸ் வச்சிருக்கவங்க, புதுசா கைக்கு வந்தவங்க, ஜாம் ஆவுற பிஸ்டல என்ன பண்ணன்னு முழிக்கிறவங்களுக்கு. நான் ஆர்மரர் (துப்பாக்கி பழுது பாக்குற ஆளு) கெடையாது, ரேஞ்சுல வருசக்கணக்கா பெரியவங்க கையில அடி வாங்கி கத்துக்கிட்ட ஆளு, அவ்ளோதான்.

பழைய ஸ்டைல்னு நான் சொல்லுதது பிரவுனிங் குடும்பத்து பிஸ்டல. ஜான் பிரவுனிங்னு ஒரு அமெரிக்கர் 1890கள்ல இருந்து போட்ட டிசைன்தான் இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. பாயிண்ட் 32 ஏ.சி.பி தோட்டாவே அவரு போட்டதுதான், அதுக்கு மொத பிஸ்டல் பெல்ஜியத்துல எஃப்.என் கம்பெனி செஞ்சது. அமெரிக்க ராணுவம் 1911ல எடுத்துக்கிட்ட பாயிண்ட் 45ம் அவரோடதுதான், அந்த வருசமே அதுக்கு பேரா ஆயிட்டு. நம்ம ஆளுகளுக்கு 1911ன்னா வேற ஞாபகம் வரும், அந்த வருசம் ஜூன் 17 மணியாச்சி ஸ்டேஷன்ல வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷ சுட்டது, அவரு கையில இருந்ததும் பெல்ஜியத்து பிரவுனிங்தான். சரி, கதை போதும். நம்ம நாட்டுல 9 எம்.எம் எல்லாம் தடை செஞ்ச bore-ல (குழல் அளவுல) வருது, சாதாரண ஆளுக்கு கெடைக்காது, அதான் பொதுஜனம் கையில பெரும்பாலும் பாயிண்ட் 32 தான் இருக்கும். அதெ வச்சே சொல்லுதேன்.

ஒரு விசயத்த மொதல்லயே சொல்லிருதேன். 1959 ஆயுதச் சட்டத்துல 5வது பிரிவு இருக்கு, துப்பாக்கி செய்யுததுக்கு மட்டுமில்ல, ரிப்பேர் பாக்கவும் லைசென்ஸ் வேணும். லேத் பட்டறைக்காரருக்கு கை எவ்ளோ சுத்தமா இருந்தாலும் சரி, அவரு தொட்டா அவருக்கும் கேசு உங்களுக்கும் தலைவலி, பொறவு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடக்கணும். சுத்தம் பண்ணுதது, எண்ணெ போடுதது, மேகசின் பாக்குதது, இதெல்லாம் நம்ம சோலி. அதுக்கு மேல லைசென்ஸ் உள்ள துப்பாக்கி கடை, அங்க இருக்குற கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி ரிப்பேர்காரர்.

காலி பண்ணுதது, இதெ வரிசை மாத்தாதீங்க

மொதல்ல மேகசின கழட்டணும். பொறவுதான் ஸ்லைட (முன்னும் பின்னும் ஓடுற மேல் பாகம்) இழுக்கணும். மாத்தி செஞ்சா என்ன ஆவும்னா, ஸ்லைட இழுத்ததும் உள்ள இருந்த ரவுண்டு வெளிய விழுந்திரும், ஆனா விடும்போது மேகசின்ல இருந்து அடுத்தது சேம்பருக்குள்ள (வெடிக்குறதுக்கு தோட்டா போய் உக்காருற குழி) ஏறி உக்காந்துக்கும், நீங்க மேகசின கழட்டிட்டு காலின்னு நெனச்சிக்கிட்டு இருப்பீங்க. வீட்டுக்குள்ள வெடிக்கிற கதை பலது இப்படித்தான். ஸ்லைட பின்னால புடிச்சிக்கிட்டு சேம்பர கண்ணால பாருங்க, சுண்டுவிரல விட்டும் தடவுங்க. பழைய பாக்கெட் மாடல் பலதுல கடைசி ரவுண்டு போனதும் ஸ்லைடு பின்னாடியே நிக்காது, மூடிக்கும், அதனால பாத்த உடனே காலியா இல்லையான்னு தெரியாது. தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல கொண்டு வச்சிட்டு வந்துதான் மேசையில உக்காரணும். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீடுன்னா கதவ சாத்திருங்க.

கழட்டும்போது கண்ணாடி போட்டுக்கோங்க. சில மாடல்ல ஸ்பிரிங் பேரல (குழல) சுத்தி முன்பக்கம் அழுத்திக்கிட்டு இருக்கும், மூடிய திருப்புனா அது பறந்துரும், ஒரு தடவை எங்க வீட்டு பரண் மேல இருந்து எடுத்தோம்.

ஒரு நோட்டு போடுங்க

இது யாருமே செய்ய மாட்டாங்க, செஞ்சா பாதி வேலை முடிஞ்சிரும். சின்னதா எழுதுற நோட்டு ஒண்ணு போதும். என்னைக்கு, எந்த மேகசின், எந்த தோட்டா, எத்தனாவது ரவுண்டுல, எப்படி சிக்குச்சி. "ஜாம் ஆச்சு"ன்னு எழுதுனா பிரயோசனம் இல்ல, எப்படின்னு எழுதணும். தோட்டா மூக்கு கீழ குத்திக்கிட்டு ஏற மாட்டேங்குதா? அது பெரும்பாலும் மேகசின் இல்லன்னா தோட்டாவோட ஷேப். காலி கேஸ் (சுட்ட பொறவு மிஞ்சுற தோட்டா ஓடு) ஸ்லைடுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு புகைக்குழாய் மாதிரி நட்டுக்க நிக்குதா? அதுக்கு பேரே ஸ்டவ்பைப், கை தளர்வா புடிச்சிருக்கலாம், தோட்டா வீக்கா இருக்கலாம், எக்ஸ்ட்ராக்டர் (காலி கேஸ வெளிய இழுக்குற கொக்கி) தேஞ்சிருக்கலாம். காலி கேஸ் சேம்பர விட்டே வரலியா? அழுக்கு சேம்பர், இல்ல எக்ஸ்ட்ராக்டர். ஸ்லைடு முழுசா மூடாம ஒரு நூல் அளவு நிக்குதா? அழுக்கு, காஞ்சு போன எண்ணெ, தளந்த ஸ்பிரிங். டிக்குன்னு சத்தம் வந்து வெடிக்கலியா? பிரைமர் (தோட்டா அடியில இருந்து மருந்துக்கு தீ வைக்குறது), இல்ல அதெ குத்துற ஃபயரிங் பின் பாதையில பிசுக்கு. பத்துப் பன்னெண்டு வரி எழுதுன பொறவு நோட்ட பாத்தாலே திருடன் யாருன்னு தெரிஞ்சிரும்.

மேகசின், மேகசின், மேகசின்

எத்தன மேகசின் இருக்கோ அத்தனைக்கும் அடியில நம்பர் போடுங்க, வீட்டுல நெயில் பாலிஷ் இருக்கும்லா, அது போதும். ஒரே தோட்டா, ஒரே கை, மேகசின மட்டும் மாத்தி மாத்தி சுட்டுப் பாருங்க. கோளாறு மேகசின் கூடவே போச்சுன்னா விசாரணை முடிஞ்சுது. மாமாவோட பிஸ்டல்ல ரெண்டாம் நம்பர்தான் சிக்குச்சி, ஒண்ணாம் நம்பர் ஒரு தடவை கூட சிக்கல.

உள்ள பாக்க வேண்டியது மூணு. ஒண்ணு, மேல தோட்டாவ ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிட்டு இருக்குற ஃபீட் லிப்ஸ். கீழ விழுந்து விழுந்து ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும், வெடிப்பு விட்டிருக்கும். இதெ பிளையர் வச்சு நிமுத்துதேன்னு கெளம்புததுதான் கோட்டிக்கார வேலை, ஒரு மயிரிழை மாறுனா தோட்டா மேல கெளம்புற கோணமே மாறிரும். வளைஞ்சா புது மேகசின், அவ்ளோதான். பழைய மாடலுக்கு மேகசின் கெடைக்குறது கஷ்டம்னு தெரியும், ஆனாலும் வேற வழி கெடையாது. ரெண்டு, ஸ்பிரிங். கட்டை விரலால ஃபாலோயர (ஸ்பிரிங் மேல தோட்டாவ தாங்குற தட்டு) அழுத்திப் பாருங்க, கடைசி வரைக்கும் திமிறிக்கிட்டு வரணும், நடுவுல சோம்பேறி மாதிரி நின்னு பையப் பைய வந்தா மாத்திருங்க. மூணு, உள் சுவரு. அடித்தட்டு கழலுற மாடல்னா கழட்டி உள்ள துணிய விட்டு துடைங்க, துரு பொட்டு இருந்தா அங்கதான் ஃபாலோயர் உரசி நிக்கும். மாமாவோடதுல இதான் கதை. மழைக்காலம் பூரா தோல் உறைக்குள்ளயே கெடந்திருக்கு, உள்ள செம்பொட்டு புடிச்சி, அதுக்கு மேல யாரோ எண்ணெய வேற ஊத்தி, தூசியும் எண்ணெயும் சேந்து களி மாதிரி ஆயிட்டு. மேகசின் உள்ள எண்ணெ போடவே கூடாது, துடைச்சி காய வச்சி அப்படியே விடணும்.

இப்ப பாயிண்ட் 32க்குன்னே இருக்குற ஒரு வில்லங்கம். இந்த தோட்டாவோட அடி விளிம்பு உடம்ப விட அரை மில்லிமீட்டர் கிட்ட அகலம், அரை விளிம்பு தோட்டான்னு வச்சிக்கோங்க. மேகசின்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது மேல இருக்குற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்குறதோட விளிம்புக்கு முன்னால இருக்கணும். பின்னால போயிட்டா, ஸ்லைடு முன்னால தள்ளும்போது மேல் விளிம்பு கீழ் விளிம்புல மாட்டிக்கிட்டு ரெண்டும் பூட்டிக்கும். இந்தப் பூட்டு சிக்கிச்சின்னா சும்மா ஸ்லைட இழுத்து விட்டா போவாது, மேகசினயே கழட்டி தோட்டாவ ஒவ்வொண்ணா எடுக்கணும், நெறைய பேரு இதெத்தான் துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு சொல்லுதாங்க. லோடு பண்ணும்போது ஒவ்வொண்ணையும் பின்சுவரு வரைக்கும் நல்லா தள்ளி, முன்னது பின்னது சரியா இருக்கான்னு பாத்து போடுங்க. போட்ட பொறவு மேகசின குலுக்காதீங்க, கால்சட்டைப் பையில போட்டு மோட்டார் சைக்கிள்ல குதிச்சிக்கிட்டு போகாதீங்க. குட்டையான தோட்டா போட்டாலும் இது நடக்கும், உள்ள முன்னும் பின்னும் நகர எடம் கெடைக்குதுல்லா. இந்த தோட்டாவோட முழு நீளம் அதிகபட்சம் 25 மில்லிமீட்டர், உருண்டை மூக்கு ஃபுல் ஜாக்கெட்னா (குண்டு மேல உலோக உறை போட்டது) அதுக்கு பக்கத்துல வரும், குழி மூக்கு குட்டையா இருக்கும்.

தோட்டா

அந்தக் காலத்து பிஸ்டல் எல்லாமே உருண்டை மூக்கு தோட்டாவ மனசுல வச்சி செஞ்சது. 1911 மாடல எடுத்துக்கிட்டா 230 கிரெயின் (குண்டு எடைக்கான அளவு) உருண்டை மூக்கு, பாயிண்ட் 32ன்னா 71 கிரெயின். அதெயே போடுங்க, பாதி பிரச்சனை தானா தீரும். தாத்தா பெட்டில இருந்து கெடைச்ச தோட்டாவ சுட்டுப் பாக்கலாமேன்னு ஆசை வரும், வேணாம். பச்சை பூத்திருந்தா, பிரைமர் பக்கம் கறுத்திருந்தா, கடையில காட்டி முறையா ஒப்படைங்க. ரொம்ப பழைய தோட்டால பிரைமர் உப்பு விடுற சாதி, சுட்ட மறுநாளே பேரல்ல துரு புடிக்கும், அந்த உப்பு எண்ணெய்ல கரையாது, சுடுதண்ணிலதான் கரையும். தோட்டா மேல எண்ணெ தடவி வைக்கிற பழக்கமும் சில வீட்டுல உண்டு, அது பிரைமருக்குள்ள எறங்கி ஒண்ணுக்கும் ஆவாம பண்ணிரும்.

சுத்தமும் எண்ணெயும், நம்ம ஊரு வெயிலுக்கும் சாரலுக்கும்

தேங்காண்ணெ வேணாம். நல்லெண்ணெ வேணாம். எங்க தாத்தா தேங்காண்ணெதான் போட்டாரு, அதுவும் இதே ஊருதான்னு மாமாவே சண்டைக்கு வந்தாரு. சமையல் எண்ணெ காத்து பட்டு பட்டு கோந்து மாதிரி பிசுபிசுன்னு ஆயிரும், தேங்காண்ணெ 24 டிகிரி கிட்ட வந்தாலே உறைய ஆரம்பிக்கும், மாஞ்சோலை மாதிரி மலைமேல மார்கழி காலைல பாத்தீங்கன்னா வெண்ணெ மாதிரி கட்டியா நிக்கும். துப்பாக்கி எண்ணெ வாங்குங்க. அவசரத்துக்கு தையல் மிஷின் எண்ணெ பரவால்ல, ஆனா லேசான எண்ணெ, சீக்கிரம் காஞ்சிரும், அடிக்கடி போடணும்.

பேரல சேம்பர் பக்கத்துல இருந்து தேய்க்கணும், பிரான்ஸ் பிரஷ், பொறவு துணிப் பேட்ச், பேட்ச் வெள்ளையா வர வரைக்கும். சேம்பர தனியா ஒரு பிரஷ் வச்சி தேய்ங்க, எல்லாரும் பேரல பளபளன்னு ஆக்கிட்டு சேம்பர விட்டுருவாங்க, சிக்குதது அங்கதான். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில கரி அடைஞ்சிருக்கும், பல்லுக்குச்சி வச்சி நோண்டி எடுங்க, ஊசி வேணாம்.

எண்ணெ எங்க போடணும்னா ஸ்லைடு ஓடுற தடம் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, பேரலுக்கு வெளிய ஸ்லைடு உரசுற இடத்துல மினுக்கம் தெரியும்லா, அங்க ஒரு தடவல். அவ்ளோதான். சேம்பர், மேகசின், ஃபயரிங் பின் ஓட்டை, இதுலெல்லாம் காஞ்சு இருக்கணும். தூத்துக்குடி, உவரி பக்கம் கடக்காத்து ஊருக்காரங்க வாரம் ஒரு தடவை வெளிப்பக்கம் எண்ணெத் துணியால துடைச்சிரணும், உப்புக்காத்து நீலப் பாலிஷ ஒரு மாசத்துல தின்னுரும். தேரிக்காட்டு பக்கம்னா நேர் எதிர், அந்த செம்மண் பொடி எண்ணெ எங்க இருக்கோ அங்க ஒட்டும், எண்ணெ கம்மியா போட்டு அடிக்கடி துடைக்கணும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடி சாரல்ல பீரோக்குள்ள கூட ஈரம் ஊறும், சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வைங்க. எந்த ஊரா இருந்தாலும் தோல் உறைக்குள்ள வச்சி மூடி வைக்காதீங்க, தோல் ஈரத்த உறிஞ்சி வச்சிக்கிட்டு இரும்புக்கு குடுக்கும்.

ஸ்பிரிங்

பாயிண்ட் 32 பாக்கெட் பிஸ்டல்ல பேரல் அசையாது, பூட்டும் கெடையாது, ஸ்லைடோட எடையும் ரீகாயில் ஸ்பிரிங்கும்தான் (ஸ்லைட திருப்பி முன்னால தள்ளுறது) எல்லாத்தையும் தாங்குது. அதனால அந்த ஸ்பிரிங் தளந்தா ஸ்லைடு வேகமா பின்னால போய் இடிக்கும், காலி கேஸ் தூரமா பறக்கும், திரும்பி வரும்போது மூட பலம் இருக்காது. ரொம்ப கனமான ஸ்பிரிங் போட்டாலும் தப்பு, ஸ்லைடு முழுசா பின்னால போவாம அடுத்த தோட்டாவ புடிக்காது. "கொஞ்சம் டைட்டா போட்டா நல்லதுதான"ன்னு கேக்காங்க, நல்லதில்ல, கம்பெனி என்ன போட்டுச்சோ அதே அளவு. 1911க்கு 16 பவுண்டு ஸ்பிரிங்தான் வழக்கம், ரெண்டாயிரம் மூவாயிரம் ரவுண்டுக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுவாங்க. நம்ம ஆளுக ஆயுசுக்கும் அத்தன ரவுண்டு சுடப் போறதில்ல, ஆனா அம்பது வருசம் துருவோட கெடந்த ஸ்பிரிங்க்கு அந்தக் கணக்கு செல்லாது. புதுசும் பழசும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க, பழசு நல்லா குட்டையாயிருந்தா மாத்திருங்க.

எக்ஸ்ட்ராக்டரும் ஃபீட் ராம்ப்பும் (தோட்டா சேம்பருக்குள்ள ஏறுற சாய்வு) கன்ஸ்மித் வேலை. ராம்ப்ப துணியால துடைக்கலாம், எமரி பேப்பர், அரம், டிரில் மிஷின் பக்கமே கொண்டு போவாதீங்க, கோணம் மாறுனா கேஸோட அடிப்பக்கம் தாங்கல் இல்லாம போய் வெடிக்கும்போது பிளந்துரும். தப்பித்தவறி கூட ஒரு ரவுண்ட கையால சேம்பர்ல போட்டு ஸ்லைட விடாதீங்க, முக்கியமா 1911 மாடல்ல, கொக்கி விளிம்பு மேல ஏறிக் குதிச்சி பலம் போயிரும். மேகசின் வழியாத்தான் ஏத்தணும்.

கை

இதெ சொன்னா எல்லாருக்கும் கோவம் வருது. சில நேரம் ஒருத்தர் சுட்டா சிக்கும், இன்னொருத்தர் சுட்டா சிக்காது, ஒரே மேகசின் ஒரே தோட்டா. மணிக்கட்டு தளர்வா இருந்தா துப்பாக்கி முழுசும் ஸ்லைடு கூடவே பின்னால வரும், ஸ்லைடுக்கு ஓட எடம் கெடைக்காது, காலி கேஸ் நடுவுல மாட்டிக்கும். ரெண்டு கையால, மணிக்கட்ட பூட்டி, கைப்பிடிய மேல வரைக்கும் புடிங்க. கட்டை விரல் ஸ்லைடுக்கு பின்னால இருக்கக்கூடாது, தோல உரிச்சிரும்.

ரேஞ்சுல போட்டுப் பாக்குதது

சுடுதது அனுமதி உள்ள ரேஞ்சுல மட்டும்தான். தோட்டத்துல, ஆத்தங்கரையில, கோயில் கொடைக்கு வானத்த பாத்து, இதெல்லாம் கெடையாது. கொண்டாட்டத்துக்கு சுட்டு அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா 2019 திருத்தத்துக்கு பொறவு ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள, இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான். மேகசினும் ஸ்பிரிங்கும் தோட்டாவும் சேத்து மாத்துனா எது சரி பண்ணுச்சின்னே தெரியாது. வெளிநாட்டுக்காரங்க ஐநூறு ரவுண்டு சுட்டுட்டுதான் நம்புவேன்னு சொல்லுவாங்க, நமக்கு லைசென்ஸ்ல எழுதியிருக்குற கணக்குதான், அதனால மொதல்ல டம்மி ரவுண்டு (மருந்து இல்லாத போலி தோட்டா) வச்சி நூறு தடவை கையால ஏத்தி எறக்கிப் பாருங்க, பொறவு நெசத் தோட்டா. மொத மேகசின்ல ரெண்டே ரெண்டு போட்டு ஆரம்பிங்க.

டிக்குன்னு மட்டும் சத்தம் வந்தா துப்பாக்கி மூக்க டார்கெட் பக்கமே வச்சிக்கிட்டு முப்பது எண்ணுங்க, பொறவுதான் ஸ்லைட தொடணும், சில தோட்டா தாமசமா வெடிக்கும். வழக்கத்த விட சன்னமா புஸ்ஸுன்னு வந்தா அத்தோட நிறுத்துங்க, குண்டு பேரலுக்குள்ளயே மாட்டியிருக்கலாம், அடுத்தத சுட்டா பேரல் பிளந்துரும். காலி பண்ணி, கழட்டி, வெளிச்சத்துல பேரல் வழியா பாத்த பொறவுதான் மத்தது. ஒரு அழுத்துக்கு ரெண்டு வெடிச்சாலும் அன்னைக்கு சுடுதது முடிஞ்சுது, நேரா கன்ஸ்மித்து.

எல்லாம் சரியா ஓடுன பொறவும், பழைய மாடல் பலதுல கீழ விழுந்தா வெடிக்காம தடுக்குற ஏற்பாடு கெடையாது, சேம்பர்ல ரவுண்டு ஏத்தி வச்சிக்கிட்டு திரியாதீங்க. வீட்டுல துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல.

இன்னொண்ணு, எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, ரெண்டு மூணு மாசம் அங்க கெடக்கும். குடுக்குறதுக்கு முந்தின நாளு நல்லா சுத்தம் பண்ணி வெளிய எண்ணெ கொஞ்சம் தாராளமா தடவி, போட்டோ புடிச்சி, நம்பர் எழுதுன ரசீது வாங்கிக்கோங்க. திரும்பி வாங்குன அன்னைக்கே கழட்டித் துடைங்க. ஏட்டையா "காலிதான் தம்பி, எடுத்துட்டு போங்க"ன்னு சொல்லி குடுத்தாலும் சரிங்கய்யான்னு சொல்லிட்டு அங்கனயே ஒருக்கா மேகசின கழட்டி, ஸ்லைட இழுத்து, சுண்டுவிரல விட்டுப் பாத்துட்டு வாங்க, அவரு கோவிச்சிக்க மாட்டாரு.